காற்றாலைக் கரண்டில் உயர்வெப்ப மின்னாற்பகுப்பு: காற்று ஏறி இறங்கினால் மெஷின் தாங்குமா?

ஆரல்வாய்மொழிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு காற்றாலைப் பண்ணையில் 14 வருஷமாக மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். 22 மெஷின் என் பொறுப்பு. வைகாசிக் கடைசியில் கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்தால் புரட்டாசி வரை எங்களுக்குச் சரியான தூக்கம் கிடையாது. மனசு வலிக்கிற காரியமும் அந்த நாட்களில்தான் நடக்கும். நல்ல காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது, லைனில் இடம் இல்லை, பத்து மெஷினை நிறுத்துங்கள் என்று ஃபோன் வரும். இறக்கைகளைத் திருப்பி வைத்துவிட்டு டவர் அடியில் உட்கார்ந்திருப்போம். தலைக்கு மேலே காற்று சும்மா போய்க்கொண்டிருக்கும்.

அந்தக் கரண்டில் ஹைட்ரஜன் எடுக்கலாமே என்று ரொம்ப நாளாக ஒரு நினைப்பு. படித்துப் பார்த்ததில், கரண்டால் தண்ணீரை உடைக்கிற சாதாரண எலக்ட்ரோலைசருக்கு ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் ஆகிறது. 800 டிகிரியில் நீராவியை உடைக்கிற திட ஆக்ஸைடு மெஷின் 40 யூனிட்டுக்குள் முடித்துவிடுகிறது. 2022-ல் அமெரிக்காவில் ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் புளூம் எனர்ஜியின் மெஷினை ஓட்டிப் பார்த்து 37.7 யூனிட் என்று அறிவித்திருக்கிறார்கள். அப்படியென்றால் 100 யூனிட்டுக்கு அதில் 2 கிலோகூட வராது, இதில் இரண்டரை கிலோவுக்கு மேல் வருகிறது. இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு சந்தேகம் என் மகளுடையது. கெமிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். உள்ளே இருப்பது பீங்கான் வகை என்றதும், "அப்பா, அடுப்பிலிருந்து இறக்கின மண்சட்டியில் பச்சைத் தண்ணியை ஊத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் காற்று பத்து நிமிஷத்தில் முழுசாக இருக்கும், அடுத்த பத்து நிமிஷத்தில் பாதியாகிவிடும். இதற்கு அந்த மெஷின் ஈடு கொடுக்குமா? கொடுக்கும் என்றால் டவர்களுக்குப் பக்கத்திலேயே வைக்கலாமா? நேரில் ஓட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வள்ளியூரான்:

அண்ணாச்சி, வணக்கம். எனக்கும் ஊர் அந்தப் பக்கம்தான். ஜெர்மனியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆறு வருஷம் இந்த மெஷினின் ஸ்டாக்குகளை, அதாவது நீராவியை உடைக்கிற செல்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய அடுக்குகளை, டெஸ்ட் பெஞ்சில் ஓட்டினேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் எங்கே வைப்பது என்பதற்கும் பதில் அதில்தான் இருக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு சுமார் 9 கிலோ தண்ணீர் வேண்டும். தண்ணீராகவே வைத்து உடைத்தால் குறைந்தது 39.4 யூனிட் உள்ளே போயாக வேண்டும். அதற்குக் கீழே யாராலும் இறங்க முடியாது. அதில் ஒரு பங்கு, தண்ணீரை ஆவியாக்குகிற வேலைக்கே போய்விடுகிறது. சாதாரண மெஷின் அந்த வேலையையும் கரண்டை வைத்தே செய்கிறது. நீராவியாகவே கொடுத்துவிட்டால் 800 டிகிரியில் 34 யூனிட் போதும். அந்த 34-லும் கரண்டாகவே இருந்தாக வேண்டியது 26 மட்டும்தான். மீதி 8 யூனிட் சூடாக வந்தாலும் செல் ஏற்றுக்கொள்ளும்.

அந்த 8 யூனிட் சூடு எங்கிருந்து வரும் என்றால், பெரும்பாலும் செல்லுக்குள்ளிருந்தே வந்துவிடும். கரண்ட் ஓடினால் மின்தடையால் சூடு பிறக்கும் அல்லவா? சாதாரண மெஷினில் அது வீண், அதை வெளியேற்றத் தனியாகக் குளிர்நீர் ஓட்டுகிறார்கள். இங்கே அந்தச் சூட்டை வினையே விழுங்கிக்கொள்கிறது. எனக்கு இந்த மெஷின் மேல் பிரியம் வந்ததே இதனால்தான்.

ஆனால் 37.7 என்ற எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அது நீராவியை வெளியிலிருந்து கொடுத்த கணக்கு. 9 கிலோ தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க சுமார் 6.4 யூனிட் அளவு சூடு வேண்டும். பக்கத்தில் வீணாகப் போகிற நீராவி இருந்தால் அது இலவசம். இல்லாவிட்டால் அதையும் உங்கள் கரண்டில்தான் காய்ச்ச வேண்டும், அப்போது 37.7 என்பது 44 ஆகிவிடும். அப்போதும் 50-ஐ விடக் குறைவுதான். ஆனால் பெரிய விலை கொடுத்து இந்த மெஷினை வாங்குவதற்கு அந்த வித்தியாசம் போதுமா என்று யோசிக்க வேண்டிவரும். அதனால்தான் பெரிய சோதனைகள் பல நீராவி இருக்கும் இடத்திலேயே நடந்தன. ஜெர்மனியில் சால்ஸ்கிட்டர் இரும்பாலையில் சன்ஃபயர் கம்பெனியின் 720 கிலோவாட் மெஷினை ஆலையின் கழிவு வெப்பத்தில் வந்த நீராவியோடு ஓட்டினார்கள். ராட்டர்டாமில் நெஸ்டே சுத்திகரிப்பு ஆலைக்குள் 2.6 மெகாவாட்டில் ஒன்றை நிறுவினார்கள், மொத்தம் 12 மாட்யூல், அதாவது தனித்தனியாக ஓட்டக்கூடிய பகுதிகள்.

இப்போது மண்சட்டிக்கு வருவோம். மகள் கேட்டது சரியான கேள்வி.

செல்லைக் கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி இருக்கும். 10 சென்டிமீட்டர் சதுரம், அரை மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. புதுசாக வரும்போது ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் கறுப்பு. பச்சையாக இருப்பது நிக்கல் ஆக்ஸைடு. நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் யிட்ரியா கலந்த சிர்கோனியா என்ற பீங்கான் படலம் இருக்கிறது, கனம் 10 மைக்ரான் அளவுதான், தலைமுடியைவிட மெல்லிசு. ஆக்ஸிஜன் அயனி அதற்குள் புகுந்து போகும், வாயு போகக் கூடாது. முதல் தடவை சூடாக்கி ஹைட்ரஜன் விட்டால் பச்சைப் பக்கம் நிக்கல் உலோகமாக மாறிச் சாம்பல் நிறமாகிவிடும். அதன் பிறகு அது சாம்பல் நிறத்திலேயே இருக்க வேண்டும். இந்தப் பச்சையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இப்படி அடுக்கடுக்காக வெவ்வேறு பொருள், நடுநடுவே ஸ்டீல் தகடு, ஓரத்தில் கண்ணாடி சீல். ஒவ்வொன்றும் சூட்டில் ஒவ்வொரு அளவு விரியும். அதனால் சூட்டை ஏற்றுவதும் இறக்குவதும் மெதுவாகத்தான். நாங்கள் நிமிஷத்துக்கு ஒரு டிகிரிதான் ஏற்றுவோம். 800 டிகிரிக்குப் போக 13 மணி நேரம். காலையில் ஆரம்பித்தால் ராத்திரிக்கு முன்னால் சூடு வந்து சேராது.

அப்படியானால் காற்றோடு எப்படிச் சேரும்? அண்ணாச்சி, இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். காற்றோடு ஏறி இறங்க வேண்டியது கரண்ட்தான். சூடு தன் இடத்திலேயே நிற்கலாம். சூட்டை அசையாமல் பிடித்து வைத்துவிட்டால் கரண்டை நொடிகளில் ஏற்றலாம், இறக்கலாம், செல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. நீங்கள் சொன்ன ஐடஹோ மெஷினையே முழு லோடிலிருந்து 5 சதவீதத்துக்கு 10 நிமிஷத்துக்குள் இறக்கிக் காட்டியிருக்கிறார்கள். சூட்டை அசைக்காமல் வைத்திருந்தால் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. ஜெர்மனியில் யூலிஷ் ஆய்வு மையத்தில் இதே வகை செல்களைக் கொண்ட ஒரு சின்ன ஸ்டாக்கை ஃப்யூல் செல்லாக (அதாவது திருப்பி, ஹைட்ரஜனிலிருந்து கரண்ட் எடுக்கிற விதமாக), 700 டிகிரியில், 2007 ஆகஸ்டில் ஓட விட்டார்கள். 2019 ஜனவரியில்தான் நிறுத்தினார்கள். ஒரு லட்சம் மணி நேரத்துக்கு மேல்.

கஷ்டம் என்னவென்றால், கரண்டைக் குறைத்தால் சூடும் தானாக அசையும். இதை எண்களோடு சொன்னால்தான் விளங்கும். எங்கள் ஸ்டாக்கில் 30 செல். முழு லோடில் 48 ஆம்பியர், செல்லுக்கு 1.29 வோல்ட், மணிக்கு 54 கிராம் ஹைட்ரஜன். அந்த 1.29 வோல்ட்டில் உள்ளே பிறக்கிற சூடும் வினை விழுங்குகிற சூடும் சரிக்குச் சரி. அதற்கு மேலே போனால் செல் சூடாகும், கீழே வந்தால் குளிரும். கரண்டே இல்லாமல் சும்மா இருக்கும்போது வோல்டேஜ் 0.85 பக்கம் நிற்கும், வினை எதுவும் நடக்காததால் அப்போது வினையால் குளிர்ச்சியும் இல்லை. ஆக, முழு லோடிலும் தொந்தரவு இல்லை, பூஜ்யத்திலும் இல்லை. ரெண்டுக்கும் நடுவில், பாதிக் கரண்டில்தான் செல் அதிகமாகக் குளிர்கிறது! எங்கள் ஸ்டாக்குக்கு அது சுமார் 160 வாட், முழு லோடு பவரில் 9 சதவீதம் மாதிரி. அந்தச் சூட்டை வெளியிலிருந்து கொடுக்காவிட்டால் செல் குளிரும், குளிர்ந்தால் மின்தடை கூடும். நுழைவாய்ப் பக்கம் ஒரு சூடு, நடுவில் ஒரு சூடு என்று ஆகிவிடும். அப்பளம் விரிசல் விடுவது அப்போதுதான்.

இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. 12 மாட்யூல் இருக்கிற இடத்தில் காற்று பாதியாகிவிட்டால் 12-ஐயும் பாதியாக ஓட்டக் கூடாது. 6 மாட்யூலை 1.29 வோல்ட்டில் முழுசாக ஓட்டிவிட்டு, மற்ற 6-ஐக் கரண்ட் இல்லாமல் சூடாக மட்டும் வைத்திருக்க வேண்டும். அடுத்த நாள் முறை மாற்றிக்கொள்ளலாம். உங்கள் பண்ணையில் பத்து மெஷினை நிறுத்திவிட்டு மற்றதை முழுசாக ஓட்டுவீர்களே, அதே மாதிரிதான்.

நீராவியையும் மறந்துவிடக் கூடாது. கரண்டைப் போல நீராவி நொடியில் மாறாது. லோடை ஏற்றும்போது நீராவியை முதலில் கூட்டி அப்புறம் கரண்ட், இறக்கும்போது கரண்டை முதலில் குறைத்து அப்புறம் நீராவி. மாற்றிச் செய்தால் செல்லுக்கு ஆவி போதாமல் வோல்டேஜ் எகிறிவிடும். எங்கள் பெஞ்சில் எவாப்பரேட்டர் ஒரு சின்னக் குழாய், பம்ப் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும். ஒவ்வொரு சொட்டும் சூட்டில் விழுந்து ஆவியாகிறபோது ஆவி கொஞ்சம் குபுக்கென்று வரும், அப்புறம் குறையும். ஸ்கிரீனில் 30 செல்லின் வோல்டேஜ் கோடும் ரம்பப் பல் மாதிரி ஓடும். இரண்டு மாதம் அந்த ரம்பத்தோடு போராடினோம். கடைசியில் குழாய்க்குள் குவார்ட்ஸ் மணிகளை நிரப்பியதும் சொட்டு பரவி ஆவியானது, கோடு நேரானது. அன்றைக்கு எங்கள் குழுவில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

கடைசியாக அந்தப் பச்சை. ஒரு டிசம்பர் இரவு, இரண்டு மணி இருக்கும், கட்டடத்தில் கரண்ட் போனது. அப்படிப் போனால் வால்வு தானாகத் திறந்து, நைட்ரஜனில் 5 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த காவல் வாயு ஸ்டாக்குக்குள் ஓட வேண்டும். நிக்கலுக்குப் பக்கத்தில் கொஞ்சமாவது ஹைட்ரஜன் இருந்தாக வேண்டும் என்பது இந்த மெஷினில் மீறவே கூடாத விதி. வால்வு திறந்தது. ஆனால் முந்தின நாள் சிலிண்டரை மாற்றிய வெளியாள் ரெகுலேட்டரைத் திறக்காமலே போயிருந்தார், நாங்களும் அழுத்தமானியைப் பார்க்கவில்லை. நீராவியும், ஓரத்தில் கசிந்த காற்றும் 750 டிகிரியில் நிக்கலைத் தின்றன. காலையில் சும்மா நிற்கும் வோல்டேஜ் நாலு செல்லில் இறங்கியிருந்தது. ஆறவைத்துப் பிரித்தபோது அந்த நாலிலும் ஓரம் முழுக்க விரல் அகலத்துக்குப் பச்சை. நிக்கல் ஆக்ஸைடாக மாறும்போது கன அளவு நூற்றுக்கு 70 பங்கு கூடும். அந்த வீக்கத்தில் 10 மைக்ரான் படலம் எப்படிப் பிழைக்கும்? பதினோரு மாதம் ஓடிய ஸ்டாக் ஒரே இரவில் போய்விட்டது. அந்தப் பச்சையைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது, இப்போதும் நினைத்தால் அப்படித்தான்.

அதனால் யாராவது காற்றாலைக் கரண்டில் இதை ஓட்டலாமா என்று கேட்டால் நான் முதலில் கேட்பது, கரண்ட் முழுசாக நின்றுபோகிற நேரத்துக்கு என்ன ஏற்பாடு என்றுதான். சூடாக வைக்கக் கொஞ்சம் கரண்டும், நிக்கலைக் காக்கக் கொஞ்சம் ஹைட்ரஜனும் எப்போதும் கையில் வேண்டும்.

செவ்வாய்ப்பித்தன்:

நல்ல பதிவு. ஆனால் சூட்டை ஏற்றி இறக்கவே கூடாது என்பது எனக்கு முழுசாக ஒட்டவில்லை. பெர்சிவரன்ஸ் ரோவரில் போன மாக்ஸி கருவியும் திட ஆக்ஸைடு மின்னாற்பகுப்புதான். செவ்வாயின் கார்பன் டை ஆக்ஸைடை 800 டிகிரியில் உடைத்து ஆக்ஸிஜன் எடுத்தது. ரோவரில் இருந்த பவர் கொஞ்சம்தான் என்பதால் ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த நிலையிலிருந்து சுமார் 2 மணி நேரம் சூடாக்கித்தான் ஓட்டினார்கள். 2021 ஏப்ரலில் முதல் ஓட்டம், 2023-ல் முடியும்போது மொத்தம் 16 ஓட்டம், 122 கிராம் ஆக்ஸிஜன். 16 தடவை சூடாகி ஆறியும் செல் உடையவில்லையே?

வள்ளியூரான்:

மாக்ஸியை எடுத்ததற்கு நன்றி, நான் சொல்ல மறந்துவிட்டேன். உடையாமல் செய்ய முடியும் என்பதற்கு அது நல்ல சாட்சி. இரண்டு விஷயத்தை மட்டும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று அளவு. அது கைக்கு அடக்கமான பத்து செல் ஸ்டாக், அதற்கென்றே சீலும் தகடும் பொருத்தமாகச் செய்தார்கள். செல் பெரிதாக ஆக, ஓரத்துக்கும் நடுவுக்கும் சூட்டு வித்தியாசம் கூடும். இரண்டாவது எண்ணிக்கை. இரண்டு வருஷத்தில் 16 தடவை. சோலார் கரண்டை மட்டும் நம்பி ஒவ்வொரு ராத்திரியும் ஆறவிட்டால் வருஷத்துக்கு 365 தடவை. ஆறவிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை, எண்ணி ஆறவிடுங்கள் என்கிறேன்.

உரக்கூடம்:

நான் ஒரு அம்மோனியா பிளான்ட்டில் ஷிப்ட் இன்சார்ஜ், 23 வருஷ சர்வீஸ். எலக்ட்ரோலைசர் எனக்குத் தெரியாது, நீராவியும் ஹைட்ரஜனும் தெரியும். தம்பி நீராவி இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்று சொன்னதால் எழுதுகிறேன்.

அம்மோனியா வினை சூடு விடுகிற வினை. நாங்கள் அந்த வினை நடக்கிற கன்வர்ட்டரிலிருந்து வருகிற சூட்டில் நீராவி எடுத்துத்தான் பிளான்ட்டை ஓட்டுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ ஹைட்ரஜன் அம்மோனியாவாக மாறும்போது 4.2 யூனிட் அளவு சூடு வருகிறது. உங்களுக்கு ஆவி காய்ச்ச வேண்டியது 6.4. ஆக மூன்றில் இரண்டு பங்கு எங்களிடமே இருக்கிறது. மீதியை எலக்ட்ரோலைசரிலிருந்து வருகிற சூடான வாயுவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஹைட்ரஜன் ஒரு பக்கம் போக, நீராவி மறுபக்கம் திரும்பி வருகிறது. இதை விடப் பொருத்தமான சம்பந்தம் கிடைக்காது.

ஆனால் மூன்று விஷயம் என்னைத் தொந்தரவு செய்கிறது. ஒன்று பிரஷர். நான் படித்தவரை இந்த மெஷின் கிட்டத்தட்ட வெளிக்காற்றின் அழுத்தத்திலேயே ஹைட்ரஜனைக் கொடுக்கிறது. அம்மோனியா செய்கிற எங்கள் லூப் 150 பாருக்கு மேலே ஓடுவது. பிளாஸ்டிக் சவ்வு வைத்த சாதாரண பி.இ.எம். மெஷின் 30 பாரில் கொடுத்துவிடும், கம்ப்ரஸருக்குப் பெரும்பங்குச் சுமை அங்கேயே குறைந்துவிடும். மிச்சம் பிடித்த யூனிட்டில் ஒரு பங்கை நீங்கள் கம்ப்ரஸரில் திருப்பிக் கொடுக்கிறீர்கள். அடுத்தது அளவு. நாளைக்கு 1,000 டன் அம்மோனியா என்றால் சுமார் 178 டன் ஹைட்ரஜன். கிலோவுக்கு 40 யூனிட் வைத்தால் 24 மணி நேரமும் கிட்டத்தட்ட 300 மெகாவாட் ஓட வேண்டும். 2023-ல் கலிஃபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் புளூம் வைத்துக் காட்டியது 4 மெகாவாட், நாளைக்கு 2.4 டன். போக வேண்டிய தூரம் கொஞ்சநஞ்சமல்ல.

மூன்றாவதுதான் பெரிசு. உங்கள் செல்லுக்கு மட்டுமல்ல, எங்கள் கன்வர்ட்டருக்கும் ஏறி இறங்குவது ஆகாது. பிளான்ட் ட்ரிப் ஆன ராத்திரிகளை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். திரும்பச் சூடேற்றி, பிரஷர் ஏற்றி, நிலைக்குக் கொண்டுவர ஒரு ஷிப்ட் போதாது. அதனால் நடுவில் ஒரு ஹைட்ரஜன் டேங்க் கட்டாயம் வேண்டும். காற்று கூடும்போது டேங்க் நிறையட்டும், குறையும்போது டேங்க்கிலிருந்து எங்களுக்குச் சீராக வரட்டும். தம்பி சொன்ன காவல் ஹைட்ரஜனும் அந்த டேங்க்கிலிருந்தே வந்துவிடும், சிலிண்டரைத் திறந்தார்களா இல்லையா என்ற கவலை இல்லை.

இன்னொன்று: நீராவியில் சிலிக்கா பார்த்தீர்களா தம்பி? எங்கள் டர்பைனில் சிலிக்கா படிந்தால் பிளேடு போச்சு. உங்கள் நிக்கலுக்கு என்ன ஆகும்?

வள்ளியூரான்:

ஐயா, நிக்கலுக்கும் அதே கதிதான். சிலிக்கா நீராவியோடு வந்து நிக்கல் பக்கத்தில் வினை நடக்கும் இடங்களில் படிந்து அடைத்துவிடும். கண்ணாடி சீலிலிருந்தும் வரும், தண்ணீரிலிருந்தும் வரும். தண்ணீரிலிருந்து தாது உப்புகளை நீக்குகிற டி.எம். பிளான்ட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர்கள் எங்களுக்கு அவசியம் வேண்டும்.

சூடான வாயுவிலிருந்து சூட்டை எடுப்பது பற்றிச் சொன்னது சரிதான். உள்ளே போகிற ஆவியையும் காற்றையும் 700 டிகிரிக்கு மேல் ஏற்றுவது வெளியே வருகிற வாயுதான். ஹீட் எக்ஸ்சேஞ்சர் நன்றாக இருந்தால் வெளியிலிருந்து 800 டிகிரி சூடு யாரும் கொடுக்க வேண்டாம், 150 டிகிரி நீராவி கொடுத்தால் போதும். நிறையப் பேர் இதற்கு அணு உலையோ, கண்ணாடி வைத்துக் குவிக்கிற சோலாரோ வேண்டும் என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். ஒரு பாய்லர் ஆவி போதும்.

ஆரல்வாய்மொழிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. தம்பி, உங்கள் பதிவை மகளிடம் வாசித்துக் காட்டினேன். பாதி லோடில்தான் அதிகம் குளிரும் என்பதை அவளே தாளில் போட்டுப் பார்த்துச் சரி என்றாள்.

கரண்ட் முழுசாக நின்றுபோகிற நேரத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டீர்களே. எத்தனை தடவை நிற்கிறது என்று எனக்கே சரியாகத் தெரியாததால் பண்ணையின் பத்து நிமிஷ ரெக்கார்டை எடுத்து உட்கார்ந்தேன். போன ஜூலை மாதம், 4,464 வரி. 22 மெஷினும் சேர்த்து முழுத் திறனில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போன சமயங்களைக் குறித்தேன். மொத்தம் 19 தடவை. பெரும்பாலானவை ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டன. நீளமானது 7 மணி 40 நிமிஷம், ஒரு விடியற்காலையில். ஒற்றை மெஷினைப் பார்த்தால் கோடு பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது, 22-ஐயும் கூட்டிப் பார்த்தால் எவ்வளவோ அமைதி. இத்தனை வருஷம் ஒவ்வொரு மெஷினாகத்தான் பார்த்திருக்கிறேன், கூட்டிப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

அப்புறம் நவம்பரை எடுத்தேன். அங்கே கதை வேறு. தொடர்ந்து நாலு நாள் ஒன்றுமே இல்லை, அப்படி மூன்று தடவை.

இடம் பற்றியும் புரிந்துவிட்டது. டவர் அடியில் எங்களிடம் காற்றும் முள்மரமும்தான் உண்டு, நீராவிக்கு எங்கே போவேன். கரண்டைக் கம்பியில் அனுப்பலாம், நீராவியை அனுப்ப முடியாது. உர ஆலையும் துறைமுகமும் இருக்கிற தூத்துக்குடிக்கு இங்கிருந்து லைன் போகிறது. ஆனால் லைனில் இடம் இல்லை என்றுதானே எங்களை நிறுத்தச் சொல்கிறார்கள்? அதற்கு என்ன வழி?

வள்ளியூரான்:

அண்ணாச்சி, 4,464 வரியையும் கையால் குறித்தீர்களா! இந்த மாதிரி விவரம் கிடைப்பது எவ்வளவு அரிது தெரியுமா? ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கற்பனையாக ஒரு காற்றுக் கோடு வரைந்து அதற்குத்தான் ஓட்டிப் பார்த்தோம்.

உங்கள் ஜூலைக்கு இந்த மெஷின் பொருந்தும். 7 மணி 40 நிமிஷத்துக்காக யாரும் ஆறவிட மாட்டார்கள், சூடாக வைத்துக் காத்திருப்பார்கள். அதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பீர்கள். எங்கள் பெஞ்சில் 1.9 கிலோவாட் ஸ்டாக்கைச் சூடாக வைக்க உலையே 1.2 கிலோவாட் தின்றது. அந்தக் கணக்கைப் பெரிய மெஷினுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு டம்ளர் காபி ஆறுகிற வேகத்தில் ஒரு அண்டா சாம்பார் ஆறாது. நெருக்கமாக அடுக்கி, நல்ல இன்சுலேஷன் போட்ட மெகாவாட் மெஷினில் இது முழு லோடின் சில சதவீதத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்துக்கு மட்டும் கிரிட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நவம்பர்தான் யோசிக்க வைக்கிறது. சீசன் முடிந்ததும் நிமிஷத்துக்கு ஒரு டிகிரி இறக்கி மெதுவாக ஆறவிட்டு, வைகாசியில் திரும்ப ஏற்றினால் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான், செல் அதைத் தாங்கும். ஆனால் பணம் தாங்காது. மெஷினின் விலைதான் பெரிய செலவு, அதை ஏழு மாதம் துணி போட்டு மூடி வைத்தால் மிச்சம் பிடித்த யூனிட்டெல்லாம் வட்டிக்குப் போய்விடும். இந்த மெஷினுக்கு நிறைய மணி நேரம் வேலை கொடுக்க வேண்டும். காற்று இல்லாத மாதங்களில் சோலார் பகலில் ஓட்டினால், ராத்திரி மட்டும் சூடாக வைத்துக்கொண்டால் எவ்வளவு மணி நேரம் தேறும் என்று பார்க்க வேண்டும்.

லைன் விஷயத்தில் உங்கள் வருத்தம் புரிகிறது. ஜூலை உச்சத்தில் மிஞ்சுவதை அப்படியே பிடிக்க வேண்டும் என்றால் டவர் பக்கத்தில் காரக் கரைசலில் ஓடுகிற ஒரு சாதாரண ஆல்கலைன் மெஷினை வைப்பதே நல்லது. அது 80 டிகிரியில் ஓடுவது, நிறுத்தினால் பச்சையாகிச் சாகாது, யூனிட் கூடச் செலவானாலும் அந்தக் கரண்ட் எப்படியும் வீணாகப் போவதுதான். சீராக வருகிற பங்கைத் தூத்துக்குடிக்கு அனுப்பி, நீராவியோடு சேர்த்து உயர்வெப்ப மெஷினில் ஓட்டலாம். உரக்கூடம் ஐயா சொன்ன டேங்க்கையும் அங்கே வைத்துக்கொள்ளலாம்.

முடிந்தால் 12 மாதத்தையும் நேரத்தோடு இங்கே ஏற்றுங்கள். உங்கள் சப்ஸ்டேஷனில் சோலார் பண்ணை ஏதாவது இணைந்திருந்தால் அதன் பகல் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஒன்றாகக் கூட்டி, எத்தனை மாட்யூல் எத்தனை மணி நேரம் 1.29 வோல்ட்டில் நிற்கும் என்று நான் போட்டுப் பார்க்கிறேன்.

ஆரல்வாய்மொழிக்காரன்:

சோலார் பண்ணை ஒன்று அதே ஃபீடரில் இருக்கிறது, அங்கே பார்க்கிறவர் பழக்கம்தான். நாளைக்கு நைட் ஷிப்ட் முடிந்ததும் போய்க் கேட்கிறேன். 12 மாத ஃபைலை மகள் சரிபார்க்கிறாள், ஏப்ரலில் இரண்டு நாள் ரெக்கார்டு விட்டுப்போயிருக்கிறது, அதைக் குறித்துவிட்டு ஏற்றுகிறோம்.